சுவரில் சூரியக் கடிகாரம் எப்படி மணி காட்டுகிறது? நம் ஊர்ச் சுவரில் காட்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் பழைய கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் சுவரில் வரைந்த சூரியக் கடிகாரங்களைப் படத்தில் பார்த்திருக்கிறீர்கள். மணிக்கோடுகள் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அகலமாகவும் இருக்கின்றன, கம்பியும் சுவரிலிருந்து கோணலாக நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் அப்படி, அதையே நம் வீட்டுச் சுவரில் வரைந்தால் மணி காட்டுமா என்று கேட்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அப்படியே பார்த்து வரைந்தால் காட்டாது. நானே ஒருமுறை வரைந்து ஏமாந்தவன். அந்தக் கோடுகள் அந்த ஊருக்கும் அந்தச் சுவருக்கும் உரியவை, இன்னொரு சுவருக்குப் போகாது. எல்லோரும் கோடுகளைத்தான் கடிகாரம் என்று நினைக்கிறார்கள், உண்மையில் கடிகாரம் என்பது அந்தக் கம்பிதான். கம்பி சரியாக நின்றால் கோடுகள் தானாக வந்து உட்காரும். கம்பி தவறினால் எவ்வளவு அழகாகக் கோடு போட்டாலும் வருடத்தில் நாலைந்து நாள் தற்செயலாகச் சரியான மணி காட்டும், அவ்வளவுதான்.

கம்பி எங்கே பார்க்க வேண்டும்? வானம் எந்த அச்சைச் சுற்றிச் சுழல்வதுபோல் நமக்குத் தெரிகிறதோ அதற்கு இணையாக, அதாவது வடதுருவ நட்சத்திரம் இருக்கும் திசையில். சூரியன் அந்த அச்சைச் சுற்றி 24 மணி நேரத்தில் 360 டிகிரி போகிறது, மணிக்கு 15 டிகிரி. கோடையானாலும் மார்கழியானாலும் இந்த 15 மாறாது. சூரியன் வடக்கே ஏறுவதும் தெற்கே இறங்குவதும் அச்சின் போக்கிலேயே நடக்கிறது, அதனால் அச்சுக்கு இணையான கம்பியின் நிழல் நீளும், குறையும், ஆனால் அதே மணிக்கு அதே திசையில்தான் விழும். மொத்தச் சூட்சுமமும் இதில் அடங்கிவிட்டது.

இதை மிகச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜெய்ப்பூரில் ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் கூடத்துக்குப் போக வேண்டும். மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. அங்கே நாடிவலய யந்திரம் என்று ஒன்று இருக்கிறது. சக்கரம் போன்ற வட்டமான கல்முகத்தைப் பூமத்தியரேகைக்கு இணையாகச் சாய்த்து, நடுவில் துருவத்தை நோக்கி ஒரு கம்பியை நிறுத்தியிருக்கிறார்கள். கம்பி முகத்துக்கு நேர் செங்குத்து, அதனால் மணிக்கோடுகள் எல்லாம் சமமாக 15 டிகிரி. வடக்குப் பக்கம் ஒரு முகம், தெற்குப் பக்கம் ஒரு முகம், ஆறு மாதம் இதில் வெயில், ஆறு மாதம் அதில். இந்த இரண்டு முக ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நம் ஊர்க் கதைக்குத் தேவைப்படும். பக்கத்திலேயே 27 மீட்டர் உயரத்தில் நிற்கும் சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரத்திலும் வேலை செய்வது சுவரின் உச்சிச் சாய்வு விளிம்புதான். அது தரையோடு 27 டிகிரியில் ஏறுகிறது, காரணம் ஜெய்ப்பூரின் அட்சரேகை கிட்டத்தட்ட 27.

இப்போது அந்தச் சக்கரத்திலிருந்து சுவருக்கு வருவோம். ஒரு தடித்த புத்தகத்தை முதுகு நடுவில் இருக்கும்படி முழுக்க விசிறிபோல விரித்து, பக்கங்களை 15 டிகிரிக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதுகுதான் கம்பி, ஒவ்வொரு பக்கமும் ஒரு மணியின் நிழல் விழும் தளம். இந்தப் புத்தகத்தை முதுகுக்குக் குறுக்காக நேர்ச்செங்குத்தாக வெட்டினால் வெட்டுமுகத்தில் பக்கங்கள் சம இடைவெளியில் தெரியும், ஜெய்ப்பூர் சக்கரம் அதுதான். சாய்வாக வெட்டினால் சில பக்கங்கள் நெருங்கியும் சில விலகியும் தெரியும். சுவர்ச் சூரியக் கடிகாரம் அந்தச் சாய்ந்த வெட்டு, வேறொன்றுமில்லை. எவ்வளவு சாய்ந்த வெட்டு என்பதை ஊரின் அட்சரேகை தீர்மானிக்கிறது. நேர் தெற்குப் பார்த்த சுவரானால் கம்பிக்கும் சுவருக்கும் இடையே உள்ள கோணம் 90இலிருந்து அட்சரேகையைக் கழித்தால் வருவது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் குவீன்ஸ் கல்லூரிச் சுவரில் ஒரு பிரபலமான சூரியக் கடிகாரம் இருக்கிறது. முதலில் 1642இல் வைத்தது, இப்போதைய வடிவம் 1733ஆம் ஆண்டினது என்பார்கள். ராசிச் சின்னங்கள் எல்லாம் வண்ணத்தில், கீழே நிலா வெளிச்சத்திலும் மணி பார்க்க ஓர் அட்டவணை. (இந்தச் சொகுசெல்லாம் நமக்கு வேண்டாம்.) அந்த ஊரின் அட்சரேகை 52 டிகிரிக்குச் சற்று மேல், எனவே அங்கே நேர் தெற்குச் சுவரில் கம்பி சுவரோடு 38 டிகிரிதான் விலகி நிற்க வேண்டும். புத்தகத்தை நல்ல சாய்வில் வெட்டியாயிற்று, கோடுகள் கோணியே தீரும். கணக்கு எளிது: உச்சிப்பொழுதிலிருந்து எத்தனை மணி தள்ளியோ அதை 15ஆல் பெருக்கி, அந்தக் கோணத்தின் டேன் (tan) மதிப்பை அட்சரேகையின் காஸ் (cos) மதிப்பால் பெருக்கினால் வரைய வேண்டிய கோணத்தின் டேன் வந்துவிடும். கேம்பிரிட்ஜுக்குப் போட்டால் 12 மணிக்கோட்டிலிருந்து 1 மணி 9.3 டிகிரி, 2 மணி 19.5, 3 மணி 31.5, 4 மணி 46.7, 5 மணி 66.4, 6 மணி 90. முதல் மணிக்கு 9 டிகிரி இடைவெளி, கடைசி மணிக்கு 23க்கும் மேல். நீங்கள் படத்தில் பார்த்தது இதைத்தான்.

அதையே கும்பகோணத்துக்குப் போடுங்கள். அட்சரேகை 11 என்று வைத்துக்கொண்டால் 14.7, 29.5, 44.5, 59.5, 74.7, 90. ஏறக்குறைய 15, 30, 45, 60, 75தான். அரை டிகிரி வித்தியாசம், நேரத்தில் சொன்னால் இரண்டு நிமிடம். காரணம் இங்கே கம்பி சுவரோடு 79 டிகிரியில் நிற்கிறது, கிட்டத்தட்ட செங்குத்து, புத்தகத்தைக் கிட்டத்தட்ட நேராக வெட்டியிருக்கிறோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயிலில் சுவரில் அரைவட்டமாக ஒரு கல் சூரியக் கடிகாரம் இருக்கிறது, நடுவில் ஒரு பித்தளை முள். ஓர் அரைவட்டம், நடுவில் ஒரு முள் என்கிற இந்த எளிய வடிவம் நம் அட்சரேகையில்தான் எடுபடும், இங்கிலாந்தில் செல்லுபடியாகாது.

எவ்வளவு எடுபடாது என்று காட்டுகிறேன், ஏனென்றால் கம்பியைச் சாய்ப்பது ஏன் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். தெற்குச் சுவரில் ஓர் ஆணியைச் சாய்க்காமல் நேராக அடித்துவிட்டு, சூரியக் கணக்கில் (சூரியன் உச்சியில் நிற்பதை 12 மணி என்று வைத்த கணக்கு) பிற்பகல் 3 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கேம்பிரிட்ஜில் ஜூன் மாதக் கடைசியில் அது செங்குத்துக் கோட்டிலிருந்து 42 டிகிரி தள்ளி விழும். டிசம்பர் கடைசியில் அதே 3 மணிக்கு 83 டிகிரி, படுத்தே விடும். ஒரே மணிக்கு 40 டிகிரி ஆட்டம்! இங்கிலாந்தின் இடைக்காலத் தேவாலயச் சுவர்களில் கீறிவைத்த சின்னச் சின்னக் கடிகாரங்கள் நிறைய இருக்கின்றன, அவையெல்லாம் நேர் ஆணி வகை. பூசைக்கு மணியடிக்க அது போதும். யார்க்‌ஷயரில் கிர்க்டேல் தேவாலயத்துக் கல், 1055க்கும் 1065க்கும் இடையில் செதுக்கியது, பகலை எட்டுப் பாகமாகப் பிரிக்கிறதே தவிர நம் 60 நிமிட மணியைக் காட்ட முயலவேயில்லை. அதற்கும் முன்னால் ஏதென்ஸில் காற்றுக் கோபுரத்தின் எட்டு முகத்திலும் எட்டுச் சூரியக் கடிகாரம் வெட்டினார்கள். அங்கே பகல் எவ்வளவு நீளமோ அதைப் பன்னிரண்டாக வகுத்ததுதான் ஒரு மணி, கோடை மணி நீளம், குளிர்கால மணி குட்டை.

சம நீளமான மணி வேண்டும், வருடம் முழுக்க ஒரே கோடு போதும் என்றால் கம்பி துருவத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இப்படிச் சாய்ந்த கம்பியுள்ளவற்றில் இன்றும் தெரிந்த மிகப் பழையது டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலுக்காக இப்னு அல்-ஷாதிர் 1371இல் செய்த கடிகாரம். ஐரோப்பாவில் அதற்கு அடுத்த நூற்றாண்டில்தான் அது பரவலானது.

நம் அட்சரேகையில் நேர் ஆணி அடித்தால் என்ன ஆகும்? பாதகமில்லை, ஆனால் சும்மா விடவும் விடாது. மார்கழியில் சூரியக் கணக்கில் பிற்பகல் 3 மணிக்கு நேர் ஆணியின் நிழல் 49 டிகிரியில் விழும், சமமாக வகுத்த கோடுகளில் அது 3.17 என்று படிக்கும். உச்சிப்பொழுதில் பிழை ஏதுமில்லை, ஓரங்களில் கால் மணி நேரம். கோயில் பூசைக்கும் வயலிலிருந்து வீடு திரும்புவதற்கும் தாராளம், பஸ் பிடிக்க முடியாது. வெறும் 11 டிகிரி சாய்த்தால் இந்தக் கால் மணி நேரமும் மறைந்துவிடும் என்பதுதான் வேடிக்கை.

சரி, அட்சரேகை நமக்குச் சாதகம், கோடுகள் சுலபம். ஆனால் அதே அட்சரேகை வேறிடத்தில் காலை வாருகிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே தாண்டிவிடும், ஆகஸ்ட் 24 வாக்கில்தான் திரும்பும். அந்த நான்கு மாதமும், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை, நேர் தெற்குச் சுவரில் காலை, மதியம், மாலை எந்நேரமும் வெயில் விழாது. அதற்கு முன்னால் ஏப்ரல் முதல் வாரத்திலேயே சுமார் 8 மணியிலிருந்து 4 மணி வரைதான் வெயில் இருக்கும், நாளாக ஆக அதுவும் நடுப்பகலை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது காட்டலாம் என்று நான் ஆசையாகச் செய்தது, அவர்கள் வந்த மே மாதம் முழுக்க நிழலில் கிடந்தது. இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதி அவமானம் மிச்சம்.

இதற்குத்தான் ஜெய்ப்பூரின் இரண்டு முகம். தெற்குச் சுவரில் ஒன்று, அதே மதிலின் வடக்குப் பக்கம் இன்னொன்று. வடக்கு முகத்துக்கும் கோணக் கணக்கு அதேதான், கம்பியும் அதே 79 டிகிரிதான், ஆனால் தெற்கில் கம்பி வெளியே வரும்போது சற்றுக் கீழ்நோக்கி இறங்கும், வடக்கில் சற்று மேல்நோக்கி ஏறும். ஒரே கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டுவதாக நினைத்தால் குழப்பமே வராது, அப்படியே செய்யவும் செய்யலாம். இன்னொன்று, தெற்கு முகத்தில் காலை மணிகள் உங்கள் இடப்பக்கம், நிழல் இடமிருந்து அடிவழியாக வலத்துக்கு, கடிகார முள்ளுக்கு எதிராகப் போகும். வடக்கு முகத்தில் காலை வலப்பக்கம், நிழல் முள்போலவே சுற்றும். எண்களை எழுதும்போது இதில் தடுமாறாதவர் குறைவு.

இரண்டு முகமெல்லாம் வேண்டாம், சிக்கனமாக ஒன்று போதும் என்றால் என் யோசனை தெற்குச் சுவரை மறந்துவிட்டுக் கிழக்குச் சுவரைப் பிடியுங்கள். வருடம் முழுக்கக் காலை வெயில் உறுதி (மழைக்காலத்துக்கு நான் பொறுப்பல்ல). நேர் கிழக்குச் சுவரில் கம்பி சுவருக்கு இணையாகவே ஓடும், சுவரைத் தொடாமல் இரண்டு கால்களில் தாங்கி நிறுத்த வேண்டும், வடக்கு முனை 11 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மணிக்கோடுகள் ஒரு புள்ளியிலிருந்து விரியாது, எல்லாம் கம்பிக்கு இணையான கோடுகள். கம்பி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நின்றால், அதன் நேர் பின்னால் 6 மணிக்கோடு, அதிலிருந்து கீழே 7 மணி 2.7 செ.மீ., 8 மணி 5.8, 9 மணி 10, 10 மணி 17.3, 11 மணி 37.3. பன்னிரண்டு மணிக்கோடு கிடையாது, அதற்குள் வெயில் சுவரைவிட்டுப் போய்விடும். மேற்குச் சுவர் இதன் கண்ணாடிப் பிம்பம்.

இதுவரை சொன்னதெல்லாம் சுவர் நேர் தெற்கு, நேர் கிழக்கு என்று வைத்து. நிஜத்தில் எந்த வீடும் அப்படி இருப்பதில்லை. தெரு எப்படி வளைகிறதோ வீடும் அப்படித்தான். எனவே சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அளப்பதுதான் முதல் வேலை, இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். செல்போன் திசைகாட்டியைச் சுவரோடு வைத்துப் பார்த்தேன், அச்சுப்பிசகாமல் தெற்கு என்றது. பக்கத்தில் ஜன்னல் கிரில், சுவருக்குள் கான்கிரீட் கம்பி, அது வேறென்ன சொல்லும்.

இரும்பை நம்பாமல் சூரியனையே கேட்பது நல்லது. நெடுநல்வாடையில் அரண்மனைக்குத் திசை பார்க்க இரண்டு கோல் நட்டு நிழல் பிடிப்பார்களே, அந்த வேலைதான், சுவருக்கு ஏற்றபடி. ஒரு சிறு பலகையில் நீளமான ஆணியை அடித்து, மூலைமட்டம் வைத்து நாலா பக்கமும் செங்குத்துதானா என்று பார்த்து, பலகையைச் சுவரோடு ஒட்டிப் பிடியுங்கள். ஆணியடியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கட்டும். ஆணியின் நிழல் அந்த நூலோடு சேர்ந்து விழும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் சூரியன் சுவருக்கு நேர் எதிரே நிற்கிறது, அப்போது சூரியன் இருந்த திசையை எந்த வானியல் செயலியிலும் பார்க்கலாம், அதுதான் சுவர் பார்க்கும் திசை. ஒரு ரகசியம்: இதை டிசம்பர், ஜனவரியில் செய்யுங்கள். அப்போது உச்சி வெயில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும், நேரம் பார்ப்பதில் ஒரு நிமிடம் பிசகினால் திசையில் அரை டிகிரிகூடப் பிசகாது. மார்ச்சில் சூரியன் ஏறக்குறையத் தலைமேல், அதே ஒரு நிமிடம் 1.3 டிகிரியைத் தின்றுவிடும்.

என் சுவரில் டிசம்பர் 20 வாக்கில் இதைச் செய்தபோது 12.10க்கு நூலோடு சேர வேண்டிய நிழல் 12.27க்குத்தான் சேர்ந்தது. கணக்குப் போட்டால் சுவர் தெற்கிலிருந்து 7 டிகிரி மேற்கே திரும்பியிருக்கிறது.

திரும்பிய சுவரில் ஒன்று மட்டும் மாறாது: உச்சிக்கோடு எப்போதும் நேர் செங்குத்து, தூக்குக்குண்டு காட்டுவதே கோடு. மற்ற கோடுகள் இரண்டு பக்கமும் சமமாக இருப்பது போய்விடும். கேம்பிரிட்ஜில் ஒரு சுவர் 20 டிகிரி மேற்கே திரும்பியிருந்தால் காலை 9 மணிக்கோடு 42.5 டிகிரி, பிற்பகல் 3 மணிக்கோடு 27 டிகிரி, இதனால்தான் சில படங்களில் கடிகாரமே ஒருபக்கம் இழுத்துக்கொண்டதுபோல இருக்கிறது. கம்பியும் உச்சிக்கோட்டுக்கு நேர் மேலே நிற்காமல் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். எவ்வளவு சாய வேண்டும் என்றால், சுவர் திரும்பிய கோணத்தின் சைன் (sin) மதிப்பை அட்சரேகையின் டேனால் வகுங்கள், அதுவே சாய்வின் டேன். சுவரிலிருந்து கம்பி எழும்பும் கோணத்துக்கு அட்சரேகையின் காஸையும் திரும்பிய கோணத்தின் காஸையும் பெருக்கினால் சைன் கிடைக்கும். என் சுவருக்கு 7 டிகிரிக்கே சாய்வு 32 டிகிரி வந்தது, பார்த்து மிரண்டுவிட்டேன். பிறகுதான் புரிந்தது: நம் ஊரில் கம்பி சுவருக்குக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதால் சுவரில் அதன் தடம் குட்டையோ குட்டை, குட்டைத் தடம் லேசாகத் தள்ளினாலும் கோணம் பெரிதாகத் தெரியும். கம்பி எழும்பும் கோணம் 79க்குப் பதில் 77, அவ்வளவே. கோடுகளைப் பாருங்கள், 9 மணி 45.4, 3 மணி 44.0, பெரிதாக நகரவேயில்லை.

கம்பியைப் பட்டறையில் செய்யக் கொடுக்கும்போது வாயால் சொல்லாதீர்கள். "11 டிகிரி சாய்வு" என்று நான் சொன்னேன், வெல்டர் தம்பி தகட்டிலிருந்து 11 டிகிரியில் ஒட்டிக் கொடுத்துவிட்டான், கம்பி தகட்டோடு படுத்துக் கிடந்தது. அவன்மேல் தவறில்லை, எதிலிருந்து 11 என்று நான் சொல்லவில்லை. அட்டையில் முக்கோணம் வெட்டி, இந்த விளிம்பு தகட்டோடு, இந்த விளிம்பு கம்பியோடு என்று கையில் கொடுத்தபின் ஒரே தடவையில் வந்தது. சுவரில் வைக்கும்போதும் அதே அட்டைதான் காவல்.

நீளத்தையும் யோசித்து வையுங்கள். தெற்குச் சுவரில் 20 செ.மீ. கம்பிக்கு டிசம்பர் உச்சியில் நிழல் 32 செ.மீ. இறங்கும், மார்ச் 21 வாக்கில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும், என் வீட்டில் அது கடிகாரத்தைத் தாண்டிக் குழாயடிவரை போய்க்கொண்டிருந்தது. அதனால் மணி கெடாது, அடிப்பகுதி நிழல் கோட்டின்மேல் இருந்தால் போதும். ஆனால் தொலைவில் விழும் நிழல் விளிம்பு மங்கும். சூரியன் புள்ளியில்லை, அரை டிகிரி அகலமான தட்டு, ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு 9 மி.மீ. அகலத்துக்குப் பூசினாற்போல் இருக்கும். கண்ணுக்கு அந்தப் பூச்சின் நடுவைப் பிடிக்கப் பழகிவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் படிக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

சூத்திரமெல்லாம் தலையைச் சுற்றுகிறது என்றால் குறுக்குவழி இருக்கிறது. கம்பியை மட்டும் கவனமாக நிறுத்திவிட்டு, வெயிலான ஒரு நாளில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மணிக்கொரு தடவை நிழலைப் பென்சிலால் குறியுங்கள். கம்பி சரியானால் அந்த ஒரு நாள் கோடே வருடம் முழுக்கச் செல்லும். இரண்டு மாதம் கழித்து இன்னொரு நாள் குறித்துப் பாருங்கள், இரண்டும் எல்லா மணிக்கும் ஒரே அளவு விலகினால் பயமில்லை, அது கைக்கடிகாரத்தின் கணக்கு. மணிக்கு மணி வேறுவேறு அளவு விலகினால் கம்பி கோணல், கழற்றுங்கள்.

அந்தக் கைக்கடிகாரக் கணக்கு என்ன? இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, கும்பகோணம் 79.4இல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் நமக்கு உச்சி 12 நிமிடம் தாமதம். இது நிரந்தரம், எனவே கோட்டிலேயே சேர்த்துவிடலாம். தெற்குச் சுவரில் 12 மணிக்கோட்டை நேர் கீழே போடாமல் 3 டிகிரி இடப்பக்கம் போட்டு, மற்ற கோடுகளுக்கும் அதே 12 நிமிடத்தைக் கழித்துக் கணக்கிட்டால் தீர்ந்தது. இன்னொன்று மாறிக்கொண்டே இருக்கும்: பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது, அதனால் சூரியன் பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிடம் பிந்தும், நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடம் முந்தும், ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்கில் கடிகாரத்தோடு ஒத்துப்போகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கும்பகோணத்தில் உச்சி நிழல் விழும்போது கைக்கடிகாரம் பிப்ரவரியில் 12.27 காட்டும், நவம்பரில் 11.56. இதைக் கோட்டில் சேர்க்க முடியாது, மாதவாரியாக ஒரு சிறு அட்டவணையைக் கடிகாரத்துக்கு அடியில் எழுதிவிடுங்கள். சிலர் உச்சிக்கோட்டைச் சுற்றி எட்டு வடிவத்தில் ஒரு வளைவு போட்டு, கம்பி நுனியில் ஒரு குண்டுமணி வைத்து, அதன் நிழல் வளைவைத் தொடும்போது படிப்பார்கள். அழகுதான், ஆனால் நம் அட்சரேகையில் மார்ச் மாத நுனி நிழல் எங்கே போகிறது என்று மேலே சொன்னேன், ஐந்தடி இடம் காலியாக இருந்தால் முயலுங்கள்.

பெயின்ட் விஷயத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின்மேல் கறுப்புக் கோடு மத்தியான வெயிலில் கண்ணைக் கூசும். நான் இளங்காவி அடித்து அதன்மேல் கருநீலத்தில் கோடு போட்டிருக்கிறேன், நிழல் தனியாகத் தெரிகிறது. நாழிகைக் கோடும் சேர்க்க ஆசையிருந்தால் 15க்குப் பதில் 6 டிகிரி என்று வைத்து அதே கணக்கைப் போடுங்கள், ஒரு நாழிகை 24 நிமிடம்தானே. நீங்கள் எந்த ஊர், சுவர் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. டிசம்பர் வரட்டும், பலகையும் ஆணியும் வைத்து அளந்துவிட்டு எண்ணைச் சொன்னால் கோணங்களைப் போட்டுத் தருகிறேன்.